இடப்பக்கம் திரும்பிய அப்பா

அன்புள்ள அப்பா,

மெரில் அத்தை கல்யாணத்தில் அந்தப் பழைய பாட்டு தொடங்கியதும், எல்லோரும் சிறுவயதில் பள்ளியில் கற்ற, வரிசையாக நின்று ஒன்றாகத் திரும்பும் நடனத்தை ஆட எங்கள் லாங்ரீச் ஊர் மண்டபமே எழுந்தது. ஐம்பது ஆண்டுப் பழைய பாட்டுக்கு இன்னும் ஏன் யாராலும் உட்கார்ந்திருக்க முடிவதில்லை என்று நூலகத்தில் தேடினேன். எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

நீங்கள் எங்களை விட்டு மவுண்ட் ஐசா நகருக்குப் போன ஏழு மாதத்தில், அன்றுதான் அம்மாவின் பக்கத்தில் நின்றீர்கள். எல்லோரும் வலப்பக்கம் திரும்ப, நீங்கள் மட்டும் இடப்பக்கம் திரும்பி அம்மாவின் முகத்துக்கு நேரே வந்தீர்கள்.

"இத்தனை வருஷம் ஆடியும் எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியலையே!" என்றாள் அம்மா.

"எங்க பள்ளிக்கூடத்துல இப்படித்தான். உங்க ஊரே தப்பாத் திரும்புது!" என்றீர்கள்.

அம்மா சிரித்துவிட்டாள். பாட்டு முடியும்முன் நான் பாட்டுப் போடுகிறவரிடம் ஓடி, இன்னொரு தடவை போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஒரு கல்யாணத்துக்கு ஒரு தடவைதான், செல்லம்" என்றார் அவர்.

நான் திரும்பி வருவதற்குள் உங்கள் வண்டி கிளம்பிவிட்டது. அம்மா ஆடுவதற்காகக் கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"அப்பா கேக் சாப்பிட்டாராடி?" என்று மட்டும் கேட்டாள்.

சாப்பிட்டார் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது, அப்பா. சாப்பிட்டீர்களா?

தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கும்
உங்கள் மகள்