இலைக்குள் புளித்த மொச்சை

ஹட்டன், ஆவணி 1963

அன்புள்ள அப்பாவுக்கு மகள் மருதாயி வணங்கி எழுதுவது. அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? நான் சுகம். விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒளிந்து எழுதுகிறேன். எங்கள் கடிதங்களை வார்டன் டீச்சர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். இதைச் சமையல்கார அழகம்மாக்கா தபாலில் போடுவார்.

நைஜீரியாவிலிருந்து எங்களுக்குப் படிப்பிக்க வந்திருக்கும் சிஸ்டர் உச்சே, தங்கள் இக்போ சனங்களின் சூப் வைக்க ஆசைப்பட்டார். அவர் சொன்னபடி மொச்சையை அவித்து, வாழையிலையில் கட்டி, அடுப்போரம் மூன்று நாள் புளிக்க வைத்தேன். நாற்றம் விடுதி முழுக்கப் பரவியது.

வார்டன் நேரே என்னிடம்தான் வந்தார். "தோட்டத்து லயத்துப் பழக்கத்தை இஞ்சையும் கொண்டு வந்திட்டியே? நாளைக்கே பெட்டியைக் கட்டு!" என்றார். நான் பொட்டலத்தை வெளியே வீசத் தூக்கினேன். சிஸ்டர் வந்து அது தன்னுடையது என்றதும், "ஓ, சிஸ்டரின்ரையோ? நல்ல வாசமாக் கிடக்கு!" என்று சிரித்தார்.

மொச்சையை இடித்து, கருவாடும் கீரையும் போட்டு வைத்த சூப்பை வார்டன் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். பரிமாறியது நான்.

"விடு புள்ள, ஒங் கையாலதானே ரெண்டு கோப்பை வாங்கிக் குடிச்சாங்க" என்று அழகம்மாக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை அப்பா. அதே பொட்டலம், அதே நாற்றம்.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, கவலைப்படாதீர்கள். ஒரு கம்பளிச் சட்டையும் சவுக்காரக் கட்டியும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரும்போது மற்றத் தோட்டத்து ஆட்களைப் போலக் பின்னால் சமையல் குசினிப் பக்கம் வராதீர்கள். முன்வாசல் மணியை அடித்து, என் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கேளுங்கள்.

யாரோ நடந்து வருகிறார்கள். விளக்கை அணைக்கிறேன்.

மருதாயி