கழற்றிய சட்டை

சனிக்கிழமை, இரவு

இன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். பகாவ் நகரில் அரசாங்கக் கட்டடங்களுக்குப் புல் வெட்டும் குத்தகையை எடுத்த பெரிய கம்பெனி, அதில் கொஞ்சத்தை அப்பாவின் சிறிய கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது. முதல் நாள் என்று நானும் போனேன்.

அப்பாவின் கம்பெனிக்கு என் பெயர்தான். அதை அச்சடித்த புதுச் சட்டையோடு நின்றார். பெரிய கம்பெனியின் சூப்பர்வைசர் அவர்கள் பெயர் போட்ட வேறொரு சட்டையை நீட்டினார்.

"அண்ணே, இங்க எங்க பேருதான் தெரியணும். மாத்திக்குங்க."

அப்பா எல்லார் முன்னாலும் உடனே கழற்றினார். நான் அவர் பக்கத்தில் போனேன்.

"ஏம்பா கழட்டுனீங்க?"

"கூட்டு வேலைன்னா அப்படித்தான்லா. மொதல்ல உள்ள நுழையணும், பேரு பின்னால வரும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

அவர்கள் கொடுத்த சட்டையை அம்மா இரண்டு தடவை துவைத்தும் புல் கறை போகவில்லை. என் பெயர் போட்ட சட்டையில் அழுக்கே இல்லை. அப்பா அதை மடித்து வைத்துவிட்டு, கூடத்து விளக்கை அணைத்துவிட்டார்.