ஓ'மாலி பிறந்த ஊர்

கிளேட்டன்
3 மார்ச் 2013

அன்புத் தம்பி விக்னராஜாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? சிட்னியில், அந்தப் பிளாக்டவுனில் உனக்கு வேலை கிடைத்த செய்தி எனக்கு வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரிந்தது. நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். தொலைபேசியில் பேச எனக்குப் பயம். யார் கேட்கிறார்களோ தெரியாது. இதையும் படித்ததும் கிழித்துவிடு.

நான் மெல்பேர்ன் பொது மயானத்தில் புல்லு வெட்டுகிறேன். போன கிழமை ஒரு கல்லறைக்கு முன்னால் ஆட்கள் கூடி நின்றார்கள். கிங் ஓ'மாலி என்றொரு அரசியல்வாதி. இந்த நாட்டின் முதல் பாராளுமன்றத்தில் இருந்து, பிறகு மந்திரியானவர். என்னோடு வேலை செய்யும் மலேசியாக்காரி ராஜகுமாரி விளக்கம் சொன்னாள்.

"அவரு அமெரிக்காவில பொறந்தவர்னுதான் நெறைய பேர் சொல்றாங்க. ஆனா பிரிட்டிஷ் பிரஜையா இருந்தாத்தான் பாராளுமன்றம் போகலாம். அதான் கனடாவில பொறந்தேன்னு சாதிச்சிட்டாராம்."

 புல்லு வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டேன்.

என் அகதி விண்ணப்ப விசாரணை ஏப்ரல் 11. கிளிநொச்சியில் என் அடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் என்று நீ எழுதிக் கொடுத்தாய். அது உண்மை என்று நான் கையெழுத்து வைத்தேன். நீ தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவன், கிளிநொச்சியைக் கண்ணால் கண்டதில்லை என்பது நம் இருவருக்கும்தான் தெரியும். உன்னைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நான் என்ன சொல்ல?

அன்புடன்,
யோகேஸ்வரன்

பிளாக்டவுன்
14 மார்ச் 2013

பிரியமுள்ள யோகேஸ்வரன் அண்ணாவுக்கு,

கடிதத்தைக் கிழித்து நாலு குப்பைத்தொட்டிகளில் போட்டேன். எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். கோழி வெட்டும் இடத்தில் வேலை. சாப்பாட்டு நேரத்தில்கூட யாருடனும் பேசுவதில்லை. போன மாதம் என் விசாரணையில் மொழிபெயர்க்க வந்த அம்மா, "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டார். உங்கள் ஊர்ப் பேச்சில் "வந்தனான்" என்று சொல்லாமல், வாய் தவறி, "போன வருஷம் வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.  அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

இந்த நாட்டுக்கு வந்த படகில் பதினெட்டு நாளும் நீங்கள் சொல்லித் தந்ததைத் தினமும் ஒப்பித்துப் பார்க்கிறேன். வாசலில் விளாமரம், பின்வேலியில் ஆள் நுழையும் இடைவெளி, கணக்கு வாத்தியார் நாகராஜன்.

அந்த ஓ'மாலியை யாரும் பிடிக்கவில்லையே அண்ணா. தொண்ணூறு வயது தாண்டி வாழ்ந்து, பெயர் பொறித்த கல்லுக்குக் கீழே கிடக்கிறார். அதையும் யோசியுங்கள். "ஓம், அடுத்த வீடுதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தியா என்னை அதன் பிள்ளை என்று சொல்லாது. இலங்கையை நான் பார்த்ததே இல்லை. என்னை எங்கே அனுப்புவார்கள்?

உங்களை நம்பியிருக்கும்,
விக்னராஜா

கிளேட்டன்
12 ஏப்ரல் 2013

தம்பி விக்னராஜா,

உனக்காகப் பொய் சொல்லத்தான் போனேன். அதை முதலில் நம்பு.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் தந்தார். அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். போர் முடிகிற நேரத்தில் அவரைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்றார். வாயைத் திறந்தேன்.

"அவன் செத்துப்போனான். நான்தான் புதைச்சனான்" என்று வந்துவிட்டது.

உனக்கு இதை நான் சொன்னதில்லை. அந்த வீட்டில் உண்மையாகவே ஒருவன் இருந்தான். உன் வயதுதான். 2009 மே மாதம், ஊரை விட்டு ஓடிப்போன இடத்தில், அவன் பதுங்கியிருந்த பங்கருக்குள் ஷெல் விழுந்தது. மண்வெட்டி இல்லாமல் சோற்றுத் தட்டால் மண்ணை அள்ளி மூடினேன். அந்த இடம் எது என்று இன்றைக்கு என்னால் காட்ட முடியாது. அவனுடைய வீட்டைத்தான் உனக்குத் தந்தேன். எங்கே பிறந்தார் என்றே நிச்சயமில்லாத ஒரு மனிதரின் கல்லைச் சுற்றி ஒவ்வொரு கிழமையும் புல்லு வெட்டுகிறேன். இவன் பிறந்த வீடு எனக்குத் தெரியும், இவனுக்குக் கல் இல்லை. அவன் உயிரோடு சிட்னியில் இருக்கிறான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அப்படியென்றால் விக்னராஜா யார்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் கூப்பிடுவதற்கு முன் நீயே சட்டத்தரணியிடம் போய் உண்மையைச் சொல். என் வழக்கு என்னாகுமோ தெரியாது. வாசல் மணி அடித்தால் குளியலறைக்குள் போய் நிற்கிறேன்.

என்னைத் திட்டியாவது எழுது.

யோகேஸ்வரன்

பிளாக்டவுன்
30 ஜூன் 2013

யோகேஸ்வரன் அண்ணாவுக்கு,

அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதங்களையும் நான் பிரிக்கவில்லை. ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் அறைக்குள் கிடந்தேன். தெருவில் கார் நின்றாலே எனக்காகத்தான் என்று நினைப்பேன். பிறகு என் சட்டத்தரணி நிவேதிகாவிடம் போனேன்.

"எங்க பிறந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"மண்டபம் முகாம்ல."

அதைச் சொல்லி முடித்ததும் வாந்தி வந்தது. நாற்காலியிலேயே உட்கார வைத்துத் துடைத்துவிட்டார். நாடில்லாதவன் என்று என் வழக்கைத் திருத்தி எழுதியிருக்கிறார். முன்பு சொன்ன பொய் இதைக் கவிழ்க்கலாம், கவிழ்க்காமலும் போகலாம் என்றார். முடிவு வரும்வரை தடுப்பு முகாமில் அடைக்காமல் வெளியில் விட்டிருக்கிறார்கள். 

இனி எனக்கு எழுத வேண்டாம் அண்ணா. கோபம் இல்லை. உங்கள் கையெழுத்தைக் கண்டாலே உடம்பு உதறுகிறது. அது நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே ஒரு கடிதம் மட்டும் போடுங்கள். ஒரு வருஷம் நான், நீங்கள் புதைத்த அந்தப் பையனுடைய வாசலில் நின்றேன். அவனுடைய வாத்தியாரை என் வாத்தியார் என்று சொன்னேன். அவன் பெயர் எனக்குத் தெரியாது. சுகம் விசாரிக்க வேண்டாம். அந்தப் பெயர் மட்டும் போதும்.

விக்னராஜா