அவர் சட்டைப்பையில் என் சம்பளம்

மே 5, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மரச்சீனிக் கிழங்கு அவித்து, தேங்காய் துருவ நேரமில்லாமல் அப்படியே மூடி வைத்துவிட்டு ஓட்டம். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

பஸ் ஸ்டாப்பில் சாயாக்கடைத் தங்கையன்: "என்னக்கா, வாரச் சம்பளம் ஏறியாச்சே. ஒரு பாக்கெட் மிச்சராவது வாங்கப்பிடாதா?"

எனக்குச் சம்பளம் ஏறியது எனக்கே அப்போதுதான் தெரியும். என் வீட்டுக்காரர் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிற வழியில் அங்கே சாயா குடிப்பார். அவர் சட்டைப்பையில் போன். போனில் என் சம்பளம். ரப்பர் மரத்துக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

குற்றம் யாருடையது? அண்டி ஆபீஸில் பேங்க் அக்கவுண்ட் வேண்டும் என்று சொன்ன காலத்தில் வீட்டில் இருந்தது ஒரே போன். நம்பர் என்று கேட்ட இடத்தில் வீட்டு நம்பரை எழுதினேன். அங்கே முந்திரிக்கொட்டை உடைக்க என் வரிசையில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். ரோசம்மாள் அக்காவின் நம்பர் அவள் மருமகனிடம். "கேட்டா தருவான் மக்கா, நல்ல பயதான்" என்கிறாள். எதைத் தருவான்? அவள் பைசாவை.

சாயங்காலம் குளச்சலிலிருந்து தங்கச்சி லீலா போன் பண்ணினாள். 18ஆம் தேதி ஞாயிறு, மகள் மெர்லினுக்குக் கோயிலில் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிறாள். குழந்தை போனைப் பிடுங்கி, "பெரியம்மை, வெள்ள உடுப்பு நீங்க எடுத்துத் தருவியளா?" என்றது. தருவேன் மக்ளே என்று வாய் சொல்லிவிட்டது.

லீலா இஷ்டப்பட்டுக் கடப்புறத்து மீன்பிடிக்கிற மாப்பிள்ளையைக் கட்டிய அன்று என் வீட்டுக்காரர் சொன்னது: "அந்த வீட்டுக்கு எனக்க வீட்டிலேருந்து ஒரு பைசா போவப்பிடாது." நான் சம்பாதிக்கிற பைசா எப்போது அவர் வீட்டுப் பைசா ஆனது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மே 7, புதன்

மார்த்தாண்டம். வேலை விட்டு நேராகக் கடைக்கு. வெள்ளை நெட் உடுப்பு, கையில் சின்னச் சின்ன முத்து, தலைக்கு ஒரு கிரீடமும். பார்த்ததும் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் சனிக்கிழமை வரை எடுத்து வைக்கிறேன் என்றாள் கடைக்காரப் பெண்.

பணம் எடுக்கப் போனால் அவர் பையில் டிங் என்று சத்தம். ஏடிஎம் ஆனாலும் சரி, கார்டு தேய்த்தாலும் சரி. "ஏட்டி, எதுக்கு எடுத்த?" திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். சும்மா கேட்பார். அரிசிக்கு, மருந்துக்கு, சங்கத்துக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நிஜமாகவே அரிசிக்கு எடுத்தாலும் பொய் சொல்வதுபோல் ஒரு படபடப்பு. அலுத்துவிட்டது.

நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியாச்சு. பேங்கில் நம்பரை மாற்றிவிட வேண்டும். மகன் கோயம்புத்தூர் போகும்போது விட்டுப்போன போன் இருக்கிறது, என் பேரில் சிம் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

மே 8, வியாழன்

என்ன வேண்டும் என்று இன்று தெரிந்தது.

கவுண்டரில் சின்னப் பெண், தோவாளைப் பக்கம், தலை நிறையப் பிச்சிப்பூ. ஃபாரத்தை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும்மா. அதச் சொல்லுங்க."

"பழைய நம்பர் வேண்டாம்னுதானே மக்ளே வந்திருக்கேன்."

"பாதுகாப்புக்காகம்மா."

பாதுகாப்பு யாரிடமிருந்து என்று இந்த யந்திரத்துக்கு யார் சொல்வது? நிறுத்து என்று சொல்வதற்குள் அமுக்கிவிட்டாள். நான் உள்ளுக்குள் ஆண்டவரே ஆண்டவரே என்று நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அவர்.

"ஏட்டி, எவனோ ஒனக்க அக்கவுண்டுல கை வைக்கப் பாத்திருக்கான்! ஓடிபி வந்துது. நான் விடுவனா? ஒடனே பேங்க் நம்பருக்கு அடிச்சு எல்லாத்தையும் பூட்டிப்போட்டேன். நீ பேடிக்காண்டாம், கேட்டியா?"

கேட்டேன். "கொள்ளாம், நல்ல காரியம்" என்றேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கவுண்ட் முடங்கிட்டும்மா." முடங்கினது அவளுக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. போனில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஒரு அம்மாள் வந்து ஏமாறாதீர்கள் ஏமாறாதீர்கள் என்று ஓதுகிறாளே, அதை ஒழுங்காகக் கேட்டு நடந்த ஒரே மனுஷன் இந்த ஜில்லாவில் எனக்கு வாய்த்தவர்தான்.

அரை நாள் கூலியும் போச்சு. சவம்.

மே 10, சனி

சம்பளம் ஏறியது. டிங். எடுக்க முடியவில்லை.

சாயாக்கடையில், கோயில் வாசலில், எங்கும் அவர் திருடனைப் பிடித்த கதைதான். நேற்று ஒரு திருடன், இன்றைக்கு டெல்லிப் பக்கத்துக் கூட்டமாம். தங்கையன் என்னிடம், "ஒங்க வீட்டுல ஆளு இருந்ததுனால பைசா தப்பிச்சு" என்றான். திருடி எதிரே நின்று சாயா குடித்துக்கொண்டிருக்கிறாள், பாவம் அவனுக்குத் தெரியாது.

சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு இல்லை. அவர் உண்மையாகவே எனக்கு நல்லது செய்ததாக நினைக்கிறார். இரவு சாப்பிடும்போதுகூட, "நீ ரெத்தம் சிந்தி உண்டாக்குன பைசா, எவனாவது கொண்டு போவ விடுவனா" என்றார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

அரிசி தீர்கிறது. அவரே சொன்னார்: "திங்களாழ்ச்ச போயி தொறக்கச் சொல்லு. நானும் வரட்டா?"

"வேண்டாம், பால்வெட்டு போவும்."

மே 12, திங்கள்

மழை இல்லை. நல்ல வேளை, அவருக்குப் பால்வெட்டு இருந்தது.

பேங்க். நேரில் வந்து கைரேகை வைத்தால் பழைய நம்பர் தேவையில்லை, பூட்டையும் திறக்கலாம், நம்பரையும் மாற்றலாம் என்றாள் அதே பெண். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? சண்டை போடத் தெம்பில்லை. விளக்கு எரிகிற மிஷினில் பெருவிரலை வைத்தேன். சிவப்பு. துடைத்து வைத்தேன். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு.

"என்ன வேலைம்மா செய்யுறீங்க?"

"அண்டி ஆபீஸ்."

கொட்டை உடைக்கும்போது வருகிற பால் தோலைத் தின்றுவிடும். சாம்பல் தொட்டுக்கொள்கிறோம், விளக்கெண்ணெய் பூசுகிறோம், ஆனாலும் தின்னும். சின்ன வயதிலிருந்தே இந்த வேலை. விரலில் ரேகை இல்லை என்று யாரும் கேட்டதில்லை, நானும் பார்த்ததில்லை. இன்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வழுவழு என்று இருக்கிறது.

நான்தான் நான் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லையாம். பின்னால் நின்ற ஒருத்தர், "வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்களேன், சட்டுனு முடிஞ்சிரும்" என்றார். அறைந்திருப்பேன்.

"ரெண்டு நாள் கொட்டை தொடாம, தேங்காஎண்ணெ போட்டுட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சித் தோல் உரிக்கிற பகுதிக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே கூலி குறைவு. வீட்டில் "பேங்குல மிஷின் ரிப்பேர்" என்றேன். ரோசம்மாள் அக்காவிடம் கடன் வாங்கி அரிசி.

மே 14, புதன்

பெருவிரல்: சிவப்பு. ஆள்காட்டி: சிவப்பு. தேங்காய் எண்ணெய்க்குக் கேடு.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் கவுண்டரை விட்டு எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். மிஷினோடு பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுப்பு. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கைச் சுண்டுவிரல். பச்சை.

கொட்டை பிடிக்கும்போது அந்த விரல் ஒதுங்கி நிற்கும். ஒரு வேலைக்கும் உதவாத விரல்.

பூட்டு திறந்தது. நம்பர் மாறியது. அவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்தேன்.

ராத்திரி அவர் போனை நீட்டி, "தொறந்தாச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு பாத்தியா" என்றார். நம்பர் மாற்றிய மெசேஜ். இங்கிலீஷ் மெசேஜில் அவர் தொகையை மட்டும்தான் படிப்பார், மற்றதெல்லாம் ஊகம். "ஆமா, தொறந்தாச்சு" என்றேன். அதுவும் பொய்யில்லை.

மே 15, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வைத்து போனில் ஆப் ஏற்றினேன்.

ஆறு எண்ணில் ஒரு பின் நம்பர் வேண்டும். எளிதில் ஊகிக்கக் கூடாதாம், மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாதாம். யோசித்தேன். கல்யாணத் தேதி: அவருக்குத் தெரியும். மகன் பிறந்த நாள்: ஊருக்கே தெரியும். என் பிறந்த நாள்: ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா வாய்க்கு வந்ததைச் சொன்னது, அதுவும் எல்லோருக்கும் தெரியும். கேஸ் நம்பர், ரேஷன் கார்டு நம்பர், எல்லாம் வீட்டு நம்பர்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒரு எண் என்னிடம் இல்லை. இத்தனை வயதுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு தடவை "நேரம் முடிந்தது" என்று ஆப் வெளியே தள்ளியது. மூன்றாவது தடவை ஒன்று தோன்றியது. போட்டேன். இங்கேகூட எழுத மாட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், புது போனாம், முதல் ஒரு நாள் முழுக்க இவ்வளவுக்கு மேல் அனுப்ப முடியாதாம். உடுப்பு விலை அதற்கு மேல். என்னை என்னிடமிருந்தே காப்பாற்றுகிறார்கள். நாளை மறுநாள் சனி. கடைக்காரி சொன்ன கெடு அன்றைக்குத்தான்.

மே 17, சனி

மறுபடி என் பழைய வரிசை. வேலை முடியும் நேரம், பாவாடைக்குள் சொருகியிருந்த போன் டிங் என்றது. சம்பளம். பக்கத்தில் ரோசம்மாள் அக்கா திடுக்கிட்டு, "எனக்க தாயே, என்னட்டி சத்தம்?" காட்டி, பேங்க் கதையையும் சொன்னேன். சாம்பல் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். கிளம்பும்போது, "அந்த பேங்க் பிள்ள எந்த நாளு இருப்பா?" என்று கேட்டாள்.

மார்த்தாண்டம். கடையில் ஸ்கேன் செய்து, என் எண்ணைப் போட்டு, பணம் போயிற்று. உடுப்பு பையில். மல்லிகையும் வாங்கினேன், எனக்கு.

ராத்திரி சாளை மீன் குழம்பு. அவர் சாப்பிட்டுக்கொண்டே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வாரம் சம்பளம் ஏறல்லியா?"

"ஏறியாச்சு."

"எனக்கு வரல்லியே."

"எனக்கு வந்துது."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். இத்தனை நாள் நாய் படாத பாடு பட்டதெல்லாம் ஒளிக்கத்தானே. இப்போது அழகாக ஒளிக்கலாம், யார் பையிலும் டிங் கேட்காது. ஆனால் ஒளிக்கப் பிடிக்கவில்லை.

"லீலாக்க மவளுக்கு நாளைக்குப் புதுநன்மை. உடுப்பு எடுத்தாச்சு. காலத்த மொத பஸ்ஸுக்கு நான் குளச்சலுக்குப் போறேன்."

சோற்றில் அவர் கை நின்றது.

"நீ எனக்கிட்ட கேக்கல்லியே."

"கேக்கல்ல. சொல்லுதேன்."