சுற்றி வந்த கப்பல்

திருச்சுழி
14.6.1993

அன்புத் தம்பி வீரபாண்டிக்கு அக்காள் சௌந்தரம் எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சத்யபிரியாவும் சுகம். கப்பலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது?

தூத்துக்குடியிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை வாசித்தேன். அதற்கு முன்னால் நான் உனக்கு எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அய்யனார் கோயிலில் சத்யபிரியாவுக்கு மொட்டை போட்டு, ஆசாரி வந்து உட்கார்ந்து, சொந்தமெல்லாம் கூடி நிற்க, காது குத்தத் தாய்மாமன் மடி இல்லை. பெரியப்பா மகன் பூமிநாதன் தான் உட்காருவதாகச் சொன்னான். நான்தான் விடவில்லை. ஆசாரியையும் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் எனக்குத் தம்பியே இல்லை என்று எழுதிவிட்டேன்.

அதற்கு ஒரு கோப வார்த்தை இல்லாமல் பதில் எழுதியிருக்கிறாய். கப்பல் நிறைய ஏற்றிய எண்ணெயோடு தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளை ஒட்டிப் போனால் அரை நாள் மிச்சம் என்று கேப்டன் சொன்னாராம். கப்பலுக்கு வழி போடுகிற நீ தீவை விட்டு வெகுதூரம் தள்ளிப் போட்டு ஏச்சு வாங்கினாயாம். மறுநாளே இன்ஜின் நின்று, ஆறு மணி நேரம் காற்று கப்பலைத் தீவுப் பக்கமே தள்ளியதாம். ஒட்டி வந்திருந்தால் பாறையில் ஏறியிருக்கும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். காது குத்துக்கு நீ வந்து சேர முடியாமல் போனது இதனால்தான் என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெள்ளாமை நிற்கிற புஞ்சையில் இறங்கிவிடாமல் ஆட்டுக் கிடையைச் சுற்றி ஓட்டுகிற மாதிரி ஓட்டியிருக்கிறான் என்று அத்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார்.

இன்று காலை கருவாடு விற்கும் மூக்கம்மாள் வந்தாள். கடற்கரைக்காரி அல்லவா, உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "அந்தத் தீவச் சுத்திக் கடலுக்கடியில கெடக்குற பவளப்பாறைப் பாருதேம்மா எங்களுக்குப் புஞ்சை. மீனு அங்கனதேன் குஞ்சு பொரிக்கும். அதுல எண்ணெ கொட்டுனா எங்க பிள்ளைக எதத் திங்கும்?" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், உனக்கென்று ஒரு பொட்டலம் நெத்திலி வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை. அய்யனாருக்கும் உனக்கும் நன்றி சொல்கிறேன். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லை. நாளும் பார்க்கவில்லை, நீ வருகிற அன்றைக்குத்தான் நாள். அக்காள் கோபிப்பாள் என்று குறுக்கு வழியில் வந்துவிடாதே. எத்தனை நாள் ஆனாலும் சுற்றியே வா, சாமி.

உன் அக்காள்,
சௌந்தரம்