நசுங்காத வண்டி

தங்கபுஷ்பம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் புருஷனுக்கு எழுதினாள். அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்தது. உள்ளே பொன்ராஜ் நெஞ்சில் கட்டோடு, ஊசி மயக்கத்தில் கிடந்தான்.

“பிளாஸ்க்கில் கஞ்சி இருக்கு. குடிச்சிட்டு மாத்திரை போடுங்க. நான் பாண்டி பஜார் கடையைத் திறக்கப் போறேன். நாலு மணிக்கு என் தம்பி வைரவன் வருவான். கையை ஓங்காதீங்க, உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது அவன்தான்.

யார் வண்டி உறுதின்னு ஞாயித்துக்கிழமை கிண்டியில நீங்களும் அவனும் நேருக்கு நேரா மோதிப் பார்த்தீங்க. அவன் வண்டி மூக்கு அப்பளமா நொறுங்கிருச்சு. அவன் சின்னக் கீறலோட இறங்கி நடந்து வந்தான். உங்க வண்டி நசுங்கவே இல்லை. அது வாங்க வேண்டிய அடி ஸ்டியரிங் வழியா உங்க நெஞ்சுக்கு வந்துருச்சு. விலா எலும்பு மூணு ஒடிஞ்சும், வாய் நிறைய ரத்தத்தோட, ‘என் வண்டிதான் ஜெயிச்சுது’ன்னு சிரிச்சீங்க.”

கையெழுத்துப் போட்டாள். கோபம் அடங்கவில்லை. கீழே விரலகல இடம் மிச்சமிருந்தது. அதில் நெருக்கி எழுதினாள்:

“அம்மிக்குழவியைத் தேடாதீங்க. வாசல்ல உங்க வண்டி மேல கிடக்கும்.”

பேனாவை மூடிவிட்டு, குழவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.