உன் பேரில் போன என் டிபன் பாக்ஸ்

இன்று காலையில் டிபன் பாக்ஸ் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேய்த்தேன். எம்புட்டு சோப்புப் போட்டாலும் அதிலிருந்து எலுமிச்சைச் சோற்று வாசம் போக மாட்டேன் என்கிறது. உடனே உன் ஞாபகம். நீ செத்துப் போய் நாலு மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கிருந்த சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மில்லில் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசி எனக்கு வேலை போனதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. "அந்த வாயாலதான் ஒருநாள் வெளிய நிக்கப் போற" என்று என் வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பிறகு எந்த முகத்தோடு சொல்ல? அவர் கட்டித் தந்த சோற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, தெரிந்த ஆள் இல்லாத ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவேன். மதியம் வரை கோயில் பிரகாரம். நடை சாத்தியதும் பஸ் ஸ்டாண்ட். பொய் சொல்லி வாங்கிய சோற்றைத் தின்ன மனசு வராது. மாட்டுக்குப் போட்டுவிட்டுக் குழாயில் பாக்ஸைக் கழுவிக்கொள்வேன். ஆறு வாரம் இந்தக் கூத்து.

என் கூட்டாளியான நீ அப்போதுதான் ஆன்லைனில் ஏதோ வகுப்பு முடித்து, லைஃப் கோச் என்று கார்டு அடித்திருந்தாய். ஒரு ஈ காக்கா வரவில்லை.

"மாத்திரை தருவியா, மந்திரிப்பியா?" என்று கார்டை வாங்கியவர்கள் கேட்பார்கள்.

"ரெண்டும் இல்லக்கா, கேள்வி கேப்பேன்."

"அதுக்குத்தான் எம் மாமியா இருக்காளே!"

கார்டு கொடுக்க அந்த பஸ் ஸ்டாண்டுக்கு வந்த அன்றுதான் நீ என்னைப் பார்த்தாய். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் எலுமிச்சைச் சோற்றில் பாதியைத் தின்றாய். நானாகத்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். எழுந்திருக்கும்போது, "ஏட்டி, நாளைக்கும் இங்கதானா?" என்றாய். அவ்வளவுதான். மறுநாள் நான் பஸ் ஏறவில்லை. பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் போய் நின்றேன், வேலை கிடைத்தது. மில் பிடிக்கவில்லை, மாறிவிட்டேன் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லி மூடினேன்.

ஒரு வருடம் கழித்து என் நாத்தனார் நீ பெண்களுக்கு நடத்தத் தொடங்கியிருந்த கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "டிபன் பாக்ஸ் கதை சொன்னாங்க, அழுதுட்டேன்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு கூட்டம் நடக்கும் கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கோயில் நடை, மாடு, குழாயடி, ஒன்று விடாமல் சொன்னாய். ஆனால் "நான்" என்று சொன்னாய். வேலை போனவள் நீ, வீட்டை ஏமாற்றியவள் நீ. கூட்டம் முடிந்ததும் பெண்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு நம்பர் வாங்கினார்கள்.

"என் கதையை வச்சு ஆள் பிடிக்கியா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"உம் பேரைச் சொன்னேனா? அசிங்கம் எம்பேர்லதான போச்சு. இதே மாதிரி எவளாவது எங்கயாவது உக்காந்திருப்பா. அவளை நான் எங்க போயித் தேட?"

எனக்கு ஆறவில்லை. அன்று என் சோற்றைத் தின்றதே வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடமோ என்று தோன்றியது. அதன்பிறகு நீ வீட்டுக்கு வந்தாலே, அடுத்த கதைக்கு வந்திருக்கிறாள் என்று நினைப்பேன். எதையும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோதுகூட, வெயில், மழை என்று பேசிவிட்டு வந்தேன். "வேற ஒண்ணும் இல்லையாட்டி?" என்று கேட்டாய். இல்லை என்றேன். பாவி நான்.

போன ஞாயிறு உன் நினைவாக, உன் கூட்டத்துக்கு வந்த பெண்கள் அதே மண்டபத்தில் கூடினார்கள். வத்திராயிருப்பிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். "அவங்களே அப்படி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாங்கன்னு கேட்ட அன்னைக்குத்தான் நான் வீட்ல உண்மையைச் சொன்னேன்" என்று அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க அவங்க கூட்டாளிதான? அப்ப உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றாள்.

தெரியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பக்கத்திலேயே நாத்தனார் வேறு.

"அது அவ இல்லம்மா. நான்தான்" என்றேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி போய்விட்டது. என் வீட்டுக்காரர் டிபன் பாக்ஸை எடுத்து என் முன்னால் வைத்தார். பொறவு, "அந்த ஆறு வாரமும் நான் கட்டித் தந்த சோத்தை மாடா தின்னுச்சு?" என்றார்.

"ஒருநாள் மட்டும் அவ பாதி தின்னா" என்றேன்.

நீ தின்றது பசிக்கா, எனக்காகவா, தொழிலுக்கா? இன்னமும் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாயே, வேறு ஒன்றும் இல்லையா என்று. இருந்ததுட்டி. இதுதான்.